பாட்டு இருக்கிறது, மேடை எங்கே?

கொல்கத்தாவில் மழை இறங்கிவிட்டால் என் பட்டறையில் கிடார்கள் குவியத் தொடங்கும். ஈரக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கழுத்து வளையும், பின்பலகையின் ஒட்டு விட்டுப்போகும். லேக் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், முன்பு அம்மா வடாம் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்த சின்ன அறைதான் என் பட்டறை. அப்பா தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச் அலுவலகத்தில் வேலை பார்க்க வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரிக் குழுவில் ரிதம் கிடார் வாசித்து, பிறகு கிடார் பழுதுபார்ப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டவன். அதனால்தான், “ராக் முடிந்துபோன இசை, இந்தக் காலப் பிள்ளைகளுக்குக் கிடார் வேண்டாம்” என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

அப்படிச் சொல்பவர்கள் காட்டும் சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2018 மே மாதம் கிப்சன் கிடார் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அன்றைக்கே கிடாருக்கு இரங்கல் எழுதிவிட்டார்கள். ஆனால் இரண்டே ஆண்டில், ஊரடங்கு நடந்த 2020-இல், தன் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்றது அந்த ஆண்டில்தான் என்று ஃபெண்டர் நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிடார் கற்க வருபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று அதே நிறுவனம் 2018-இல் எடுத்த கணக்கு சொன்னது. என் மேசையிலும் அதைப் பார்க்கிறேன். நான் வாசித்த காலத்தில் எங்கள் வட்டத்தில் கிடார் தூக்கிய பெண் ஒருத்தியும் இல்லை. இப்போது அப்பாவின் பழைய கிடாரைப் பரணிலிருந்து இறக்கி, “காகு (சித்தப்பா), இதைச் சரிபண்ண முடியுமா?” என்று கேட்டு வருபவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம்.

கிடார் விற்பது வேறு, ராக் வாழ்வது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக் கற்கலாம். அது கிடார் வாசிப்பு. நான்கைந்து பேர் ஓர் அறையில் நின்று, ஒருவர் தாளத்தை இன்னொருவர் தோளில் வாங்கி, தெரியாதவர்கள் முன்னால் சொந்தப் பாட்டைப் பாடும்போதுதான் அது ராக். அது எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதற்கு இந்த ஊரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ராக் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கிடார் வந்துவிட்டது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். அதன்பின் ரவீந்திர சங்கீதமே ஹவாய்க் கிடாரில் ஒலித்தது. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா, சுனில் கங்கூலி, படுக் நந்தி ஆகியோரின் இசைத்தட்டுகள் வங்காள வீடுகளில் வீணைத் தட்டுகள்போல மரியாதையோடு வைக்கப்பட்டிருந்தன. மறுபுறம் பார்க் ஸ்ட்ரீட்டின் உணவக மேடைகள். சென்னை மவுண்ட் ரோட்டில் ‘நைன் ஜெம்ஸ்’ மேடையில் பட்டுப்புடவையோடு பாடத் தொடங்கிய நம் உஷா உதுப், பிறகு இங்கே வந்து டிரிங்காஸ் உணவகத்தில் பாடித்தான் இந்த ஊருக்கே சொந்தமானார். 1970, 1971-இல் சிம்லா பீட் என்ற ராக் போட்டியில் வாசித்த குழுக்களின் பாடல்கள் இசைத்தட்டாக வந்தன. அதில் கல்கத்தாவின் கிரேட் பேர் குழுவும் இருந்தது. ஹை குழுவின் திலீப் பாலகிருஷ்ணன் அந்தக் காலத்திலேயே சொந்தப் பாடல்கள் எழுதினார். அருமையான பாடல்கள். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். பார்க் ஸ்ட்ரீட்டின் கதவைத் தாண்டி அவை ஷியாம்பஜாருக்கோ பேஹாலாவுக்கோ போகவில்லை. அந்த மேடைகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது பாடல்களும் அவற்றோடு ஒதுங்கிவிட்டன.

தாண்டிப் போனவர்கள் மொஹீனேர் கோராகுலி குழுவினர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை போய்த் திரும்பிய கௌதம் சட்டோபாத்யாயும் அவருடைய தம்பிகளும் உறவினரும் நண்பர்களுமாக எழுவர் 1970-களின் நடுவில் சேர்ந்தார்கள். ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள். கிடாரோடு வயலினையும் சாக்ஸபோனையும் வங்காள நாட்டுப்புறப் பாவுல் பாடகரின் குரல் வளைவுகளையும் சேர்த்து, டிராமும் மின்வெட்டும் வேலையின்மையும் உள்ள இந்த நகரத்தை வங்காள மொழியில் பாடினார்கள். 1977, 1978, 1979-இல் மூன்று சிறு இசைத்தட்டுகள். வாங்க ஆளில்லை. இதென்ன கூச்சல் என்றார்கள். 1981-இல் குழு கலைந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1992-இல் கபீர் சுமன் ‘தொமாகே சாய்’ தொகுப்பில் ஒரு கிடாரோடு வந்து வங்காளப் பாட்டையே திருப்பிப்போட்டார். 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் கௌதம், தன் பழைய குழுவின் பெயரிலேயே இளையவர்களைப் பாடவைத்து ஒரு ஒலிநாடா கொண்டுவந்தார். அதை நான் ஒரு நண்பன் வீட்டில் கேட்டேன். அதுவரை எங்கள் குழு வாசித்ததெல்லாம் டீப் பர்ப்பிளும் ஈகிள்ஸும்தான். நான் தினமும் மீன்கடையிலும் பேருந்திலும் பேசுகிற மொழியில் மின்கிடார் ஒலிக்கக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, கர்னாடக இசை தவிர வேறெதையும் சேர்க்காத அம்மா, அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். “இது பாட்டுடா” என்றாள். நான் வாசித்த ஆங்கிலப் பாட்டு எதற்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அந்த ஒலிநாடாவின் ‘பிருத்திபி’ மெட்டைத்தான் 2006-இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸின் குரலில் நாடே கேட்டது. ஆனால் 1999-லேயே கௌதம் மறைந்துவிட்டார். அந்த ஆண்டுகளில் காக்டஸ், சந்திரபிந்து, பாசில்ஸ், பூமி என்று குழுக்கள் கிளம்பிவிட்டன. கௌதமின் மகன் லக்கிச்சாரா குழுவில் டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தார். 1998-இல் தொடங்கிய பாசில்ஸ் குழுவின் ரூபம் இஸ்லாம் மாவட்டத் தலைநகர் மைதானம் ஒன்றில் பாடும்போது போய் நின்று பாருங்கள்: அந்தக் குழு தொடங்கியபோது பிறந்தே இராத பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லையும் கூடவே பாடுவார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். மொஹீனேர் கோராகுலியின் தாபஸ் தாஸ், எல்லாருக்கும் பாபிதா, நுரையீரல் புற்றுநோயில் படுத்தபோது, 2023-இல் இந்த ஊரின் இளம் பாடகர்கள் கச்சேரி வைத்து அவருக்கு நிதி திரட்டினார்கள். பிறகு மாநில அரசும் சிகிச்சைக்குக் கைகொடுத்தது. அந்த ஜூனில் அவர் போய்விட்டார். தங்கள் பெற்றோர் காலத்தில் வாங்க ஆளில்லாமல் கிடந்த பாடல்களுக்காக அந்தப் பிள்ளைகள் மூங்கில் கட்டை மேடையில் நின்றதைப் பார்த்த பிறகு, இளைய தலைமுறைக்கு இது வேண்டாம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

தாய்மொழியில் எழுதியவர்களுடைய ராக்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 2021-இல் மானெஸ்கின் குழு இத்தாலிய மொழியிலேயே பாடி யூரோவிஷன் போட்டியை வென்றது. நம் சென்னையிலும் 2018-இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் மின்கிடாரோடு நிறுத்தியபோது, கீழ்ப்பாக்கத்தில் கூடிய கூட்டம் அது தன் பாட்டு என்று உடனே அறிந்துகொண்டது. தமிழில் கிடார் என்றால் நம் காதுக்குள் ஒலிப்பது திரைப்பாட்டின் கிடார்தான். இளையராஜாவின் பாடல்களில் வாசித்தவர்கள் பெரிய கலைஞர்கள்; அவர்கள் கைவண்ணம் எனக்கு உயிர். ஆனால் படம்தான் அவர்களுக்கு மேடை. நான்கு பேர் தங்கள் பெயரில் நின்று பாடத் தமிழ்நாட்டில் இடம் மிகக் குறைவு.

கொல்கத்தாவிலும் அந்த இடம் இப்போது குறைகிறது. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

பேஹாலாவிலிருந்து வரும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வங்காளத்தில் நல்ல பாட்டு எழுதுகிறாள். நாலு பேர் சேர்ந்த குழு. பயிற்சி செய்ய ‘பேட்’ என்று இங்கே சொல்லும் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். கைச்செலவுப் பணம் அதற்கே போய்விடுகிறது. வீட்டில் டிரம்ஸ் வைத்தால் அடுக்குமாடிக்காரர்கள் விடமாட்டார்கள். ‘மாச்சா’ என்று சொல்லும் மேடை நிகழ்ச்சிகளில் புதுக்குழுவைக் கூப்பிட்டால், தெரிந்த பாட்டு நாலு பாடு, போதும் என்கிறார்கள். குழுவே வேண்டாம், டிஜே பாக்ஸ் போதும் என்று முடிவு செய்த பாராக்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எத்தனையோ. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சரியான விதி. முதியவர்கள் தூங்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் பத்துக்கு முன்னால் இருக்கும் நேரமெல்லாம் யாருக்குப் போகிறது?

2025-இல் மேற்கு வங்க அரசு ஒவ்வொரு துர்கா பூஜைக் குழுவுக்கும் 1,10,000 ரூபாய் கொடுத்தது. பணம் பெற்றதோ பல்லாயிரம் குழுக்கள். அந்தப் பணத்தோடு ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம்: பூஜை நாட்களில் ஒரு மாலை, ஏழு மணிக்கு, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட உள்ளூர்க் குழு ஒன்றுக்கு அரைமணி நேரம். பாடுவது அவர்களே எழுதிய பாட்டாக இருக்க வேண்டும். பாதிப் பாட்டு மோசமாக இருக்கும், இருக்கட்டும். மொஹீனேர் கோராகுலியையும் முதலில் கூச்சல் என்றுதான் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடங்களைப் பூஜைக்கு முந்தைய மாதத்தில் மாலைப் பயிற்சிக்குத் திறந்துவிட்டால் வாடகைச் சிக்கலும் தீரும்.

சென்னை, கோவை, மதுரைக் கல்லூரிகளின் விழாக் குழுக்களிடமும் கேட்கிறேன். திரைப்பாட்டுக் கச்சேரியை நிறுத்தச் சொல்லவில்லை; அதற்கு முன்னால், கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு, சொந்தத் தமிழ்ப் பாட்டோடு வரும் மாணவர் குழு ஒன்றுக்கு அரைமணி கொடுங்கள். நல்ல ஆம்பையும் டிரம்ஸையும் நீங்களே வாடகைக்கு எடுத்து வையுங்கள். ஒலி சரிபார்க்க அவர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள், சினிமாப் பாடகருக்கு ஒதுக்குவதுபோல.