வாழ்க்கைத் திறன் வகுப்பும் அதன் எல்லையும்

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையம், அங்கிருந்த அரசாங்க மனநோய் மருத்துவமனையையும் 1954-இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிலையத்தையும் ஒன்றுசேர்த்து 1974-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டதாகும். நோயாளிகளுக்கென ஏற்பட்ட இந்நிலையம் நாளடைவில் நோயுறாத மாணாக்கர்களையும் தன் ஆராய்ச்சிக்கு உரியவர்களாகக் கொண்டது. குமரப் பருவத்தில் புகையிலையும் மதுவும் பழகுதல், கட்டுமீறிய வேகத்தில் வண்டி ஓட்டுதல், தன் உடலுக்குத் தானே ஊறு செய்தல் ஆகியவை முற்றிய பின் மருந்து தேடுவதினும், முன்னதாகவே பள்ளியில் அவற்றைத் தடுக்க முயல்வது நன்று என்பதே இதன் அடிப்படை.

இம்முயற்சியில் தோன்றியதே வாழ்க்கைத் திறன் வகுப்பு. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-களில் வகுத்த பத்துத் திறன்களை அது அடியொற்றியது. தன்னை அறிதல், பிறர் உணர்ச்சியை உணர்தல், ஆராய்ந்து முடிவு செய்தல், கோபத்தையும் மனச்சுமையையும் தாங்கிக்கொள்ளுதல் முதலியன அவற்றுட் சில. இவற்றைக் கற்பிக்க மருத்துவர் வருவதில்லை. பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியரே விளையாட்டு, நடிப்பு, கலந்துரையாடல் ஆகியவற்றின் வாயிலாக நடத்துகிறார்.

ஓராண்டுப் பயிற்சிக்குப்பின் 605 மாணாக்கர்களை, பயிற்சி பெறாத அருகிலுள்ள பள்ளிகளைச் சேர்ந்த, வயதும் குடும்ப நிலையும் ஒத்த 423 பேருடன் ஒப்பிட்டு, ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி பெற்றோரிடம் தன்மதிப்பும் இடர்களைச் சமாளிக்கும் நம்பிக்கையும் மிகுந்திருந்தன. பள்ளியிலும் ஆசிரியர்களிடத்தும் அவர்கள் இணங்கி நடந்தனர். ஆனால் வீட்டில் இணங்குதல், தோழர்களோடு பழகுதல், மனக்கோளாற்றின் அறிகுறிகள் ஆகியவற்றில் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவின் முற்பகுதியைப் படித்து மகிழ்ந்து நின்றுவிடுவது எளிது. பிற்பகுதியே ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் அதிகம் பயன்படுவது. முதல் சிகரெட்டை மாணாக்கன் ஆசிரியர் முன்னிலையிலா பற்ற வைக்கிறான்? 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டொன்று அளிக்கப்பட்டது. தனித்து ஆடிய சிறுவர்களைவிட, தோழர்கள் அருகிலிருக்க ஆடிய சிறுவர்கள் மிகுதியான ஆபத்துக்குத் துணிந்தனர். வளர்ந்தோரிடம் அத்தகைய மாறுதல் அவ்வளவாக இல்லை. ஆகவே ஆபத்து பிறக்கும் இடம் தோழர் கூட்டமாயிருக்க, சீர்திருத்தம் நிகழ்ந்த இடமோ வகுப்பறையாக இருக்கிறது. இதனை வகுப்பின் தோல்வியென்று கொள்வது தவறு. வாரத்தில் ஒரு மணி நேரம், வீட்டிலும் தெருவிலும் கழியும் எஞ்சிய காலத்தை எதிர்த்து நின்று வெல்லும் என எதிர்பார்த்தவர்களே பிழைபட்டனர். (அந்த ஒரு மணி நேரமும் பரீட்சை நெருங்கினால் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.)

மற்றொன்றும் கருதத்தக்கது. இந்நிலையம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 7.3 சதவிகிதத்தினர் மனக்கோளாறு உடையவர்கள். பெருநகரங்களில் இது 13.5 சதவிகிதம். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் மூவர் அல்லது நால்வர், பெருநகரத்தில் ஆறேழு பேர் என்பது இதன் பொருள். இவர்களுக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு மருந்தாகாது. இவர்களை இனங்கண்டு மருத்துவரிடம் சேர்ப்பித்தல் தனிப்பணி. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 அதற்கு ஒரு வாயில். ஆசிரியரும் அதில் ஆலோசனை கேட்கலாம். இனங்கண்ட பெயர்களை ஆசிரியர் அறையில் உரக்கப் படிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் உடனே நிறுத்தப்பட வேண்டும். ஒருமுறை பெயர் வெளிப்பட்டால், அடுத்தமுறை எந்த மாணாக்கனும் உண்மையை எழுதமாட்டான்.

இவ்வகுப்புக்கு மதிப்பெண் அளிக்கலாம் என்ற யோசனையும் எழக்கூடும். அது ஏற்கத்தக்கதன்று, மதிப்பெண்ணுக்காகச் சொல்லப்படும் நல்ல விடை, மாணாக்கனின் மனத்தை மறைக்கும் திரையாகிவிடும். அதற்குச் செலவிடும் உழைப்பைப் பெற்றோர் கூட்டத்தில் செலவிடலாம். அக்கூட்டங்களில் மதிப்பெண் பட்டியல் கையளித்ததும் எல்லோரும் எழுந்துவிடுகின்றனர். அதற்குமுன் அரை மணி நேரம், மகன் மாலையில் யாருடன் இருக்கிறான், மகள் எப்போது உறங்குகிறாள், வீட்டில் அவர்களிடம் யார் பேசுகிறார்கள் என்பவற்றைக் கேட்கலாம். கூட்டத்துக்கு வராத பெற்றோரின் வீட்டுக்குக் களப்பணியாளர் செல்லும்போதும் இக்கேள்விகளையே எடுத்துச் செல்லலாம்.