தலை திரும்பாத குழந்தை: முதுகை நெட்டி முறித்தால் திரும்புமா?

இடுப்பில் சுளுக்குப் பிடித்துக் கொண்டால், "கால் மாறிப் பிறந்தவர் யாராவது உண்டா?" என்று தேடிப் போகும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்தவர்தான் கால் மாறிப் பிறந்தவர். அவர் காலால் இலேசாக மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம்பிக்கை.

இப்போது அதற்கு நேர் தலைகீழாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வயிற்றில் குழந்தை கால் மாறிக் கிடந்தால், அதைத் திருப்ப, சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போகச் சொல்கிறார்கள். அவருக்குப் பெயர் "கைரோபிராக்டர்". முதுகெலும்பை மடக் மடக் என்று நெட்டி முறிப்பவர். அவர் வேலை செய்யும் படங்களை இன்று செல்போனில் யாரும் பார்க்கலாம்.

அவரால் வயிற்றுக் குழந்தை திரும்புமா? அவரை நம்பிப் போகலாமா?

முக்கூடலில் ஒரு வீடு

திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர் முக்கூடல். பீடித் தொழிலுக்குப் பெயர் போன ஊர். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதை அங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

அப்படிப் பீடி சுற்றும் ஒரு பெண், 7 மாதக் கர்ப்பிணி என்று வைத்துக் கொள்வோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "குழந்தையின் தலை மேலே இருக்கிறது, புட்டம் கீழே இருக்கிறது" என்கிறார்.

அவ்வளவுதான்! வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை.

"குனிஞ்சு உக்காந்து பீடி சுத்துனதுதான் வினை" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க. வயித்தைத் தடவிவிட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்பார் மாமியார்.

சென்னையில் இருக்கும் நாத்தனார் போனில் பேசுவாள். "மதினி, பயப்படாதீங்க. முதுகுல நெட்டி எடுத்தே பிள்ளையைத் திருப்பிருவாங்களாம். இங்கே அதுக்கு ஆள் இருக்கு" என்பாள்.

எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் யார் பேச்சைக் கேட்பாள்?

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

100-க்கு எத்தனை?

வளைகாப்பு நடக்கும் 7-ம் மாதத்தில், 100 குழந்தைகளில் 20 முதல் 25 குழந்தைகள் தலை மேலாகவே இருக்கும். அப்போது கருப்பையில் இடம் தாராளம். குழந்தை உருளும், குட்டிக்கரணம் போடும்.

நாளாக ஆக இடம் குறைகிறது. கருப்பை மேலே அகலமாகவும், கீழே குறுகலாகவும் இருக்கும். குழந்தையின் புட்டமும் மடங்கிய கால்களும் அதிக இடம் கேட்கும். அதனால் அவை மேலே போகும். தலை கீழே வந்துவிடும். பேறுகாலம் நெருங்கும்போது 100-க்கு 3 அல்லது 4 குழந்தைகள்தான் தலை திரும்பாமல் இருக்கும்.

7-ம் மாதத்தில் 25 குழந்தைகள் திரும்பாமல் இருந்தால், அவற்றில் சுமார் 21 குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடுகின்றன!

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்த 21 வீடுகளில் ஒரு வீட்டில் மருத்துவச்சி வயிறு தடவியிருப்பார். ஒரு வீட்டில் அம்மனுக்கு நேர்ந்து கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் கைரோபிராக்டரிடம் போயிருப்பார்கள். குழந்தை தானாகத்தான் திரும்பியிருக்கும். பெயர் மட்டும் அவரவருக்குப் போய்ச் சேரும்.

யார் இந்தக் கைரோபிராக்டர்?

1895-ம் ஆண்டு அமெரிக்காவில், அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டேவன்போர்ட் நகரில் இந்த முறை தொடங்கியது. தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். அவர் அதற்கு முன்பு காந்த சிகிச்சை செய்து வந்தவர். முதுகெலும்பு இடம் பிசகுவதால்தான் நோய்கள் வருகின்றன. கையால் அதைச் சரி செய்தால் நோய் போய்விடும் என்று அவர் சொன்னார்.

எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் முதுகுவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

பின்னர் லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர், கர்ப்பிணிகளுக்கு என்று ஒரு முறையை வகுத்தார். இடுப்புக்குப் பின்னால் உள்ள எலும்பைச் சரி செய்து, அடிவயிற்றில் உள்ள தசைநாரை இலேசாக அழுத்தித் தளர்த்துவது அந்த முறை. இடுப்பு தளர்ந்தால் குழந்தைக்கு இடம் கிடைக்கும். அது தானே திரும்பும் என்பது அவர்கள் வாதம்.

2002-ம் ஆண்டில் ஒரு கணக்கெடுப்பு வெளியாயிற்று. இந்த முறையில் 100-க்கு 82 பேருக்கு வெற்றி கிடைத்தது என்று அதில் கூறப்பட்டது. கேட்கப் பெரிய வெற்றிதான். ஆனால் இந்தக் கணக்கைச் சொன்னவர்கள், சிகிச்சை செய்த கைரோபிராக்டர்களே! சிகிச்சை பெறாத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 8-ம் மாதத்தில் தலை மேலாக இருக்கும் குழந்தைகளிலும் பாதிக்கு மேல் தாமாகவே திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் போட்ட தடை

ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டர் தொழிலைக் கண்காணிக்க ஒரு வாரியம் இருக்கிறது. 2016 மார்ச் மாதம் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சிகிச்சை செய்யக் கைரோபிராக்டர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. குழந்தையைத் திருப்பும் சிகிச்சை என்று சொல்லி இதைச் செய்யவும் கூடாது என்று அதில் கண்டிப்பாகக் கூறப்பட்டது.

இப்படிச் சொன்னது அந்தத் தொழிலுக்கே உரிய வாரியம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர்கள் திருப்புவது எப்படி?

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் திருப்ப ஒரு முறை இருக்கிறது. வயிற்றுக்கு மேலே கையை வைத்துத் திருப்புவதுதான் அதுவும். மருத்துவச்சி செய்வது போலத் தோன்றும். ஆனால் வித்தியாசம் பெரிது.

36 அல்லது 37 வாரம் ஆன பிறகே இதைச் செய்வார்கள். ஸ்கேனில் குழந்தையின் நிலையையும், நஞ்சு இருக்கும் இடத்தையும் பார்த்துக் கொள்வார்கள். குழந்தையின் இதயத் துடிப்பை முன்னும் பின்னும் கவனிப்பார்கள். கருப்பை தளர மருந்து கொடுப்பதும் உண்டு. பிறகு புட்டத்தை மேலே தூக்கி, தலையை மெல்லக் கீழே தள்ளி, குட்டிக்கரணம் போட வைப்பார்கள்.

ஏறக்குறைய இருவரில் ஒருவருக்குக் குழந்தை திரும்பிவிடும். 200 பேரில் ஒருவருக்கு உடனடியாக ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால்தான் ஆபரேஷன் வசதி உள்ள இடத்தில் செய்கிறார்கள். இரட்டைக் குழந்தை, ரத்தப் போக்கு, கீழே இறங்கிய நஞ்சு ஆகியவை இருந்தால் பொதுவாக இதைச் செய்ய மாட்டார்கள்.

வீட்டில் எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவது வேறு. குழந்தையைத் திருப்புகிறேன் என்று பலமாக அமுக்குவது வேறு. நஞ்சு பிரிந்து ரத்தம் கொட்டினால், வீட்டில் அதை நிறுத்த வழி இல்லை.

திரும்பாவிட்டால்?

குழந்தையின் உடம்பில் பெரிய பாகம் தலை. தலை முதலில் வந்தால் உடம்பு எளிதாக வந்துவிடும். கால் முதலில் வந்தால் தலை கடைசியில் சிக்கிக் கொள்ளலாம். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே நழுவி விடவும் கூடும். இரண்டுமே நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து.

26 நாடுகளைச் சேர்ந்த 2 ஆயிரத்து 88 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று. எல்லோருக்கும் குழந்தை தலை திரும்பாமல் இருந்தது. முன்கூட்டியே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தவர்களில் 100-க்கு 2-க்கும் குறைவான குழந்தைகளே இறந்தன அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சாதாரணப் பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களில் அது 100-க்கு 5 ஆக இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் ஆபரேஷனே வழக்கமாகி விட்டது. பழகிய டாக்டர் அருகில் இருந்தால், சிலருக்குச் சாதாரணப் பிரசவமும் நடக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர், பரிசோதித்த டாக்டர்.

பெரிய ஆபத்து எது?

நெட்டி முறிப்பதில் ஏற்படும் வலியைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் "திரும்பிவிட்டது" என்ற பொய் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் 36-ம் வாரப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டால், டாக்டர் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பும் போகும். ஆபரேஷனுக்குத் திட்டமிடும் நேரமும் போகும். வலி வந்த பிறகுதான் உண்மை தெரியும்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், இணையப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் உயிரிழந்தார். அது தலை திரும்பாத குழந்தை பற்றிய விவகாரம் அல்ல. ஆனால் படத்தை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

என்ன செய்ய வேண்டும்?

1. 7-ம் மாதத்தில் தலை மேலே இருந்தால் பயப்பட வேண்டாம். பீடி சுற்றியதால் இப்படி ஆயிற்று என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் புகையிலைத் தூசு கர்ப்பிணிக்கு ஆகாது. அது வேறு விஷயம்.

2. 36-ம் வாரத்தில் கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும். தலை எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

3. திரும்பாமல் இருந்தால், "திருப்பிப் பார்க்க முடியுமா? எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம்?" என்று அன்றைக்கே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

4. பனிக்குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்கக் கூடாது. படுத்துக்கொண்டு, உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

முக்கூடல் பெண்ணுக்கு வழி இல்லாமல் இல்லை. பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரி அந்த ஊரிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1965-ம் ஆண்டு தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. நெல்லை மக்கள் அதை "ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி" என்பார்கள். 2008-ம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்சும் ஓடுகிறது.

மாமியார் எண்ணெய் தேய்த்து நீவிவிடட்டும். நாத்தனார் போனில் தைரியம் சொல்லட்டும். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஆறுதல்தான். ஆனால் 36-ம் வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவர்களில் ஒருவர் அவளோடு துணைக்குப் போக வேண்டும்.

கால் மாறிப் பிறந்த பிள்ளை ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுப்பது பிறகு இருக்கட்டும். முதலில் அது நல்லபடியாகப் பிறக்க வேண்டும்!