கண்ணாடியில் கோடு விழாதிருக்க

சித்திரை முதல் நாள் விடியலில் கனி காண்பது எங்கள் கோவைப் பகுதி இல்லங்கள் பலவற்றில் வழிவழியாக வரும் வழக்கம். முதல் நாள் இரவே பூஜை அறையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் முன் முக்கனிகள், வெற்றிலை பாக்கு, மலர், நகை, நாணயம் ஆகியவற்றைத் தட்டில் பரப்பி வைப்போம். மறுநாள் கண் விழித்ததும் முதற்பார்வை அந்தக் கண்ணாடியின் மீதுதான். அதைத் துடைத்து வைக்கும் பொறுப்பு, நான் பணி ஓய்வு பெற்ற நாள் முதல் என்னைச் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனிக் கடைசி நாளில் அக்கண்ணாடியைத் துடைத்து முடித்தேன். என் மனைவி வந்து பார்த்தாள். “ஏனுங்க, இன்னும் கோடு கோடா இருக்குதுங்களே, புகை படிஞ்ச மாதிரி?” என்றாள். மறுபடியும் துடைத்தேன். மூன்றாம் முறையும் அதே சொல். ஒரு ரூபாய் வித்தியாசத்திற்காக இரவு வெகுநேரம் பேரேட்டைப் புரட்டிய வங்கிக்காரன் நான். “குறை சொல்வதே உனக்கு வேலை” என்று கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறாமல் அடுக்களைக்குச் சென்றுவிட்டாள்.

அந்த நிகழ்ச்சியின் முடிவைப் பின்னர் கூறுகிறேன். கோடு ஏன் விழுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

பெரும்பாலும் குற்றம் நீருடையது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நீர் உலர்ந்ததும் உப்பு மட்டும் கண்ணாடியில் வெண்கோடாகத் தங்கிவிடுகிறது. சிறுவாணித் தண்ணீரில் துடைத்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அது கிடைக்காதவர்கள், வடிகட்டும் இயந்திரத்தில் வரும் குடிநீரையோ, தூய்மையாகப் பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்தலாம். இரண்டாவது குற்றம் சோப்பு. நுரை வரும் அளவு சோப்புப் போட்டால் அதுவே படலமாகப் படியும். மூன்றாவது, துணி. புதுத் துணி நீரை உறிஞ்சாது, நூலும் உதிரும். கஞ்சி போட்ட துணியும் ஆகாது. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துண்டே சிறந்தது.

இனி, செய்முறை. இரண்டு துணிகள் வேண்டும். முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிடுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். பூஜை அறைக் கண்ணாடியில் விளக்கெண்ணெயின் புகையும் சாம்பிராணிப் புகையும் பிசுக்காகப் படிந்திருக்கும். ஒரு குவளை நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு நீரைக் கலந்து, துணியை நனைத்து நன்கு பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பின்னர் தூய நீரில் பிழிந்த துணியால் ஒருமுறை. ஈரம் தானாக உலர்வதற்குள் இரண்டாவது துணியால் துடைத்து உலர்த்திவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். வெயில் படும் வேளையிலும், மின்விசிறி சுழலும்போதும் துடைத்தால் ஈரம் நம் கையை முந்திக்கொண்டு உலர்ந்துவிடும். பழைய உப்புக் கறை இருந்தால், மூன்று பங்கு நீரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து துடைத்தால் இளகிவிடும். ஒட்டும் பொட்டின் பிசினுக்குச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிளேடால் சுரண்ட வேண்டாம்.

நீரைக் கண்ணாடியின் மீது நேராகத் தெளிப்பதும் தவறு. கண்ணாடியின் பின்புறம் வெள்ளிப் பூச்சு உள்ளது. 1835இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் கண்டறிந்த முறையின் வழி வந்தது அது. நீர் கீழே வழிந்து சட்டத்துக்குள் இறங்கினால் அப்பூச்சு அரிக்கப்பட்டு, விளிம்பில் கறுப்புத் திட்டுகள் தோன்றும். அவற்றை எந்தத் துணியாலும் துடைத்து நீக்க முடியாது.

சில இல்லங்களில் ஆறன்முளைக் கண்ணாடி இருக்கும். அது முழுவதும் உலோகம். அதற்கு நீரும் ஆகாது, வினிகரும் ஆகாது. விரல் படாமல் வைத்து, மென்மையான உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றித் துடைப்பதே முறை.

நம் வயதினருக்கு ஒரு வேண்டுகோள். உயரத்திலுள்ள கண்ணாடிக்காக முக்காலியில் ஏறாதீர்கள். பேரனை அழையுங்கள், அல்லது கண்ணாடியைக் கீழே இறக்கித் தரச் சொல்லுங்கள்.

இப்போது விட்ட இடத்திற்கு வருகிறேன். அந்தச் சித்திரை கழிந்து இரண்டு மாதங்களில், கோயில் படியில் இறங்கும்போது என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள். படியின் விளிம்பு தெரியவில்லையாம். பேருந்தின் எண்ணும் சில காலமாகத் தெரியவில்லையாம். மருத்துவர் பரிசோதித்து, இரு கண்களிலும் கண்புரை முற்றியிருப்பதாகக் கூறினார். புகை படிந்திருந்தது கண்ணாடியில் அன்று, அவள் கண்ணில் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் குறை கூறுவதாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது. அடுத்த சித்திரைக்கு முன் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். அவள் அருகில் வந்து உற்றுப் பார்த்தாள். “இப்ப நல்லாத் தெரியுதுங்க. ஆனா கீழ் மூலையில ஒரு கோடு இருக்குது பாருங்க” என்றாள். பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சத்தில் பார்த்தேன். இருந்தது. மறுமொழி பேசாமல் உலர்ந்த துணியை எடுத்தேன்.

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர் கண்ணாடி மங்கலாக இருப்பதாகச் சொன்னால், ஒருமுறை நன்கு துடையுங்கள். அதன் பிறகும் அவ்வாறே சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.