அதிர்வலை வைத்தியம்

ஆண்குறி விறைப்புக் குறைவுக்கு அதிர்வலை வைத்தியம் என்பதாக ஒன்று நடந்து வருகின்றது. அதிலும் "எங்கள் யந்திரத்துக்குப் பலம் அதிகம், ஆகையால் குணமும் அதிகம்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களும் இருக்கின்றார்கள்.

இவ்வலை 1980-ல் ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் மூத்திரக் கல்லை உடைப்பதற்காக மனிதன்மீது உபயோகிக்கப்பட்டது. கல்லை உடைக்கப் பலம் வேண்டியதுதான். ஆனால் 2010-ல் இஸ்ரேல் நாட்டு ஹைஃபா வைத்தியர்கள் இக்குறைக்கு அதைப் பரீட்சித்தபொழுது வைத்த பலமோ சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல்தான். ஐந்து இடங்களில், இடத்துக்கு 300 வீதம், ஒரு தடவைக்கு 1500 அடி. எதையும் உடைப்பது நோக்கமல்ல. மெதுவாகத் தட்டினால் புது இரத்தக் குழாய்கள் முளைக்கலாம் என்பதேயாகும். அப்படியிருக்க, பலத்தைக் கூட்டினால் குணமும் கூடும் என்பதற்கு ஆதாரமெங்கே? ஒரு தேங்காய்க்கு ஒரு வரமானால் நூறு தேங்காய்க்கு நூறு வரம் என்கின்ற கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றியும், காற்றழுத்தத்தால் தட்டுகின்ற சாதாரண யந்திரங்களும் இதே பெயரால் விலைபோகின்றன. குறைந்த பலமுள்ள அலையைக்கூட அமெரிக்க மூத்திரவியல் சங்கத்தார் 2018-ல் பரிசோதனை நிலையிலுள்ளதென்றே கூறினார்கள்.

இதற்கு "ஆண்மைக் குறைவு" என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! இரத்தக் குழாய் கெடுவதற்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்? அப்பெயருக்கு வெட்கப்பட்டல்லவா மனிதன் டாக்டரிடம் வாய் திறவாமல் மறைவில் பணத்தைக் கொட்டுகின்றான்? நீரிழிவும் இருதய வியாதியும் சிலருக்கு முதன்முதல் இக்குறையாகவே தலைகாட்டும். யந்திரத்தின் பலத்தை விசாரிக்கின்ற தோழர், தன் இரத்தத்தை ஒரு தடவையாவது பரீட்சித்துப் பார்த்தாரா என்று கேட்கின்றோம்.