இழப்பைச் சொல்லியா வேலை கேட்பது?



சில ஆண்டுகளுக்கு முன் வேலை தேடி ‘லிங்க்ட்இன்’ என்னும் இணையத்தளத்தில் பதிந்தேன். 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட இத்தளத்தில் வேலை தேடுபவர்களும் வேலை கொடுப்பவர்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய பின் எத்தனையோ நிவாரணப் படிவங்களை நிரப்பியவள் நான். இழப்பைச் சொன்னால்தான் பெயர் பதிவாகும் என்று பழகிய கை, அங்கும் அதையே எழுதியது.

முன்பின் தெரியாத இருபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். கணவரை இழந்தது, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு எல்லாம் அதில் இருந்தன. கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பது வருடம் கணக்கு எழுதியது மட்டும் இல்லை. ஒரேயொரு பதில் வந்தது. “தனியாகவா இருக்கிறீர்கள்? படம் அனுப்புங்கள்.” வெட்கத்தால் அழுதேன். வெட்கப்பட வேண்டியவர் அவர் என்பது பிறகுதான் விளங்கியது.

பக்கத்து வீட்டு ஆசிரியை அக்கா கடிதத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, நீர் நிவாரணத்துக்கு எழுதேல்லை, வேலைக்கு எழுதுறீர். உமக்குத் தெரிஞ்ச வேலையை முதல்ல சொல்லும்.”

அன்று அவரிடம் கற்றதையும் பிறகு நானே அறிந்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பெயருக்குக் கீழே செய்யக்கூடிய தொழிலை எழுதுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று போதும். வேலை செய்யாத வருடங்களை மறைக்கவோ பொய்யால் நிரப்பவோ வேண்டாம். 2022 முதல் இத்தளத்தில் ‘தொழில் இடைவெளி’ என்று குறிப்பிட இடமுண்டு. பிள்ளை வளர்ப்பு, இடமாற்றம், உறவின் இழப்பு ஆகியனவும் அங்கே காரணங்களாக ஏற்கப்படுகின்றன. ஒரு சொல் போதும், விளக்கம் தேவையில்லை.

அறிமுகமில்லாதவருக்கு நாலு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நான் யார், உங்களை ஏன் தேடி வந்தேன், என்ன கேட்கிறேன், நன்றி. முதல் கடிதத்திலேயே வேலை கேட்பதைவிட ஓர் ஆலோசனை கேட்பது நல்லது. பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். காலை வணக்கப் படங்கள் அனுப்புவதையும் பழைய முதலாளியைக் குறைசொல்வதையும் தவிருங்கள்.

மரியாதை ஒருவழிப் பாதையல்ல. உங்கள் குடும்ப நிலையைத் துருவிக் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கில்லை. அவரைத் தடைசெய்யவும் தளத்திடம் முறையிடவும் வசதி உண்டு. வேலைக்கு முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள்.

புதிய கடிதத்தை மூன்று பேருக்கு மட்டும், அவரவர் தொழிலைப் பார்த்துத் தனித்தனியாக எழுதினேன். ஒரு பெண் கணக்காளர் பதில் எழுதினார். கணினியில் கணக்கு வைக்கப் பழகும்படி சொன்னார். பழகினேன். இன்று இரண்டு கடைகளின் கணக்கு என் கையில் இருக்கிறது.

நம் துயரம் ஒளிக்க வேண்டிய ஒன்றல்ல. ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை நாமே தீர்மானிப்போம்.