கேள்விப்பட்டதும் அறிந்ததும் ஒன்றல்ல

புது தில்லி: நோய்கள் குறித்து மக்களுக்கு எந்த அளவுக்கு விழிப்புணர்வு இருக்கிறது? இதற்குக் கிடைக்கும் விடை, கேட்கப்படும் வினாவைப் பொருத்தே மாறுகிறது என்பதை மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வே உணர்த்துகிறது.

2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 87 சதவீதத்தினரும், ஆண்களில் 94 சதவீதத்தினரும் எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகக் கூறினர். ஆனால், நோயைத் தடுக்கும் வழிகள், நலமாகத் தோன்றுபவருக்கும் கிருமி இருக்கக்கூடும் என்ற உண்மை, பரவலாக உள்ள தவறான நம்பிக்கைகள் ஆகியவை பற்றித் தனித்தனியே வினவியபோது, அனைத்துக்கும் சரியாக விடையளித்த பெண்கள் 21.6 சதவீதம், ஆண்கள் 30.7 சதவீதம் மட்டுமே.

எழுத்தறிவு பற்றிய கணக்கிலும் இதே சிக்கல் உள்ளது. அதே ஆய்வின்படி எழுத்தறிவு பெற்ற பெண்கள் 71.5 சதவீதம், ஆண்கள் 84.4 சதவீதம். ஒன்பதாம் வகுப்பை முடித்தவர்கள் சோதனையின்றியே இப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்கள், காட்டப்பட்ட வாக்கியத்தில் ஒரு பகுதியைப் படித்தாலே போதுமானதாகக் கருதப்பட்டது. அவ்வாறு படிப்பவர், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்படும் மாத்திரை அட்டையைப் புரிந்துகொள்வார் என்று எப்படிக் கொள்ள முடியும்?

சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறனை அளக்க வெளிநாடுகளில் பல வினாப் பட்டியல்கள் உள்ளன. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒன்று, ஐஸ்கிரீம் பெட்டியின் ஊட்டச்சத்து விவரத்தைக் காட்டி 6 வினாக்களைக் கேட்கிறது. 2011-இல் 8 ஐரோப்பிய நாடுகளில் பயன்பட்ட பட்டியலில் 47 வினாக்கள் உள்ளன. மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்வது எளிதா, கடினமா என்று அது மக்களையே மதிப்பிடச் சொல்கிறது. அங்கேயே ஏறத்தாழ பாதிப் பேரின் திறன் போதாது எனத் தெரியவந்தது.

இவற்றை அப்படியே மொழிபெயர்த்துக் கொள்வது நமக்குப் பயன் தராது. மருத்துவரிடம் மறுகேள்வி கேட்கத் தயங்கும் சமூகத்தில், "எளிது" என்ற பதில் தன்மானத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். திறனுக்கு அது சான்றாகாது. ஐஸ்கிரீம் பெட்டியோ கிராமப்புற மக்களின் அன்றாடத் தேவையோடு தொடர்பற்றது.

நமக்குரிய வினாக்கள் நம்மிடமே உள்ளன. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும்? இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்தலாமா? மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டின் பொருள் என்ன? மருத்துவர் சீட்டின்றி ஆண்டிபயாடிக் மருந்துகளை வாங்கக் கூடாது என்பதை உணர்த்த, 2016-இல் அக்கோடு பற்றிய பிரசாரத்தை மத்திய அரசு தொடங்கியது. விளம்பரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால் அதன் பலன் தெரியாது. அட்டையைக் கையில் கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

ஐந்தாவது ஆய்வுக்காகக் களப்பணியாளர்கள் ஏறத்தாழ 6.37 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தனர். இத்தகைய ஆய்வில் இதுபோன்ற சில வினாக்களை அந்தந்த மாநில மொழியில் சேர்ப்பது அரசுக்குப் பெருஞ்சுமையாகாது. விடைகள் தவறாக வந்தால், மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடாமல், புரியாத மொழியில் மருந்தும் அறிவுரையும் வழங்கும் முறையைத் திருத்த அரசு முன்வர வேண்டும்.