கோப்பிப் பழமும் நாவின் தீர்ப்பும்

மலைநாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது தேயிலையே. ஆயினும் அம்மலைகளில் முதலிற் கோலோச்சியது கோப்பி என்பதை நம் மாணவர்கள் பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருப்பர். அந்த ஒரு வரிக்குள் ஒரு சமூகத்தின் கதையே அடங்கிக் கிடக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் கடல் கடந்து, மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தது கோப்பித் தோட்டங்களுக்காகவே. வழியிலேயே மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய பூஞ்சண நோயொன்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் அப்பெரும் பயிரைச் சாய்த்துவிட்டது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய 19 ஏக்கர் தேயிலை, காலப்போக்கில் மலையெங்கும் பரவிற்று.

எனினும் கோப்பி அடியோடு அழிந்துவிடவில்லை. மிளகுக்கொடிக்கும் பலாமரத்துக்கும் இடையே, சிறு குடும்பங்களின் நிலத்தில் அது இன்றும் உயிர்வாழ்கிறது. அத்தகைய தோட்டமொன்றைக் காண, சென்ற மார்கழியில் ஹங்குராங்கெத்தைப் பக்கம் போயிருந்தோம். ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம். அதில் உழைப்பது ஒரே குடும்பம்.

அவ்வீட்டு இளைஞர் நம் கையிலும் ஒரு கூடையைத் தந்தார். "செவந்த பழத்த மட்டும் எடுங்க ஐயா. இழுக்கக் கூடாது, லேசாத் திருகுங்க" என்றார். ஒரே கிளையிற் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் கலந்து நின்றன. ஆகையால் ஒரே மரத்துக்குப் பலமுறை வரவேண்டியிருக்கிறது. அரைமணி நேரம் பறித்தும் கூடையின் அடி முழுதாய் மறையவில்லை. ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்து அல்லது ஆறு கிலோ பழம் வேண்டும் என்றபோது, நாம் அலட்சியமாக அருந்தும் கோப்பியின் அருமை விளங்கிற்று.

பறித்த பழங்களை நீரிலிட்டு, மிதப்பவற்றை நீக்கினோம். கையாற் சுற்றும் பொறியில் தோல் கழன்றது. வழுவழுப்பான கொட்டைகளை ஓரிரவு ஊறவைத்துக் கழுவி, பின்னர் பல நாள் வெயிலில் உலர்த்துவர். முன்னரே உலர்ந்திருந்ததை உரலில் இட்டுக் குற்றி, சுளகிற் புடைக்கும் வேலை நமக்குக் கிடைத்தது.

சுளகு நம்மிடம் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்த அப்பாயி, பேரன் பறிக்கும் முறையைக் கண்டு மட்டும் சிரிக்கவில்லை. "பழுக்க விட்டா யாருக்குப் பழுக்கும் தம்பி? ராத்திரியில வர்ற கள்ளனுக்குத்தான்" என்றார். அவர் அச்சத்திலும் நியாயமுண்டு. வாங்க வரும் வியாபாரி பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலைதான் கொடுக்கிறாராம். அவ்வாறாயின், காயும் பழமுமாக ஒரே நாளில் உருவிவிடுவதே ஏழைக்குப் பாதுகாப்பு அன்றோ?

வழக்கைத் தீர்க்கப் பேரன் நாவையே நீதிபதியாக்கினார். உருவிப் பறித்ததையும் பழமாய்ப் பறித்ததையும் ஒரே பதத்தில் வறுத்து, ஒரே அளவு தூளெடுத்து, சூடான நீரூற்றி, நான்கு நிமிடம் பொறுத்தார். சீனியும் இல்லை, பாலும் இல்லை. முதற் கோப்பையிற் பச்சைப்புல் வாடையும் நாவைப் பிடிக்கும் துவர்ப்பும் இருந்தன. மற்றையதில் மெல்லிய இனிப்பும், தோடம்பழத்தை நினைவூட்டும் இளம் புளிப்பும் இருந்தன. இரண்டும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்று நம்புவது கடினமாயிற்று.

அப்பாயியும் இரண்டையும் சுவைத்தார். "ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு. இதுக்கு எவன் கூடக் காசு குடுப்பான்?" என்று கேட்டார். பேரனிடம் உடனடி விடையில்லை. எனினும், வீட்டையொட்டிக் கண்பார்வையில் நிற்கும் இருபது மரங்களை மட்டும் இவ்வாண்டு பழுக்க விடுவதென இருவரும் உடன்பட்டனர்.

அப்பாயியின் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாமே. நம் வீடுகளிற் கோப்பியைக் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கிறோம். அதன் மணம் நமக்கு உரியதே. ஆயினும் கருக வறுத்தால் காயின் குறையும் மறைந்துவிடுகிறது. பழத்தின் நயமும் மறைந்துவிடுகிறது. அடுத்தமுறை கொட்டையாக வாங்குங்கள். பழமாய்ப் பறித்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். சிறிதளவை இளம்பதமாக வறுத்து, ஒன்றும் கலவாமல் ஒருமுறை அருந்திப் பாருங்கள். கேட்டு வாங்குவோர் பெருகினால் விலை பெருகும். விலை பெருகினால், இருபது மரம் நாற்பதாகும்.